குறை கேட்கும் வாயில்

இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சம், அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் செங்கோலோச்சிய எல்லாளன் என்னும் தமிழ் மன்னனைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றது. அம்மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைக் கட்டி, நீதி வேண்டுவோர் எவரும் ஒலிக்கச் செய்யும்படி அதற்கு நீண்ட கயிறும் பூட்டியிருந்தான். கன்றை இழந்த பசுவும் அக்கயிற்றை இழுத்தது. மன்னன் தன் மகனுக்கே தண்டம் விதித்தான். எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் புகழைப் பேச எழுந்த அந்நூலே, எல்லாளனின் நீதியையும் மறவாது போற்றுகின்றது. திருவாரூரில் மனுநீதிச் சோழன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் கதையும் இதுவே.

இக்கதையைக் கேட்போர் மன்னனின் நடுவுநிலையை வியப்பர். அது தக்கதே. ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டிய வேறொன்றும் இதில் உண்டு. மணி எவ்வளவு பெரியதாயினும், கயிறு குட்டையாக இருந்திருப்பின் பசுவின் முறையீடு மன்னன் செவிக்கு எட்டியிராது. நீதி உண்டு என்பது ஒன்று. அந்நீதியைக் கேட்கும் இடம் எளியவனின் கைக்கு எட்டும் தூரத்தில் உண்டு என்பது மற்றொன்று. முன்னது இருந்து பின்னது இல்லாத காலங்கள் நம் நாட்டு வரலாற்றில் பல. கண்டி மாநகரும் அதைச் சூழ்ந்த மலைநாடும் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும்.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பாதையில், தும்பறைப் பள்ளத்தாக்கில், குண்டசாலைக்கு அணித்தாக உள்ளது பல்லேகல. கிரிக்கெட் ஆட்ட அரங்கினால் அவ்வூரின் பெயர் இன்று உலகெங்கும் தெரியும். ஆனால் அங்கு வேறு சில இடங்களும் உள்ளன. மத்திய மாகாண சபையின் அலுவலகங்கள் அங்குள்ளன. கண்டி நகரின் நடுவில் இருந்த போகம்பறைச் சிறைச்சாலை 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, கைதிகள் அங்குள்ள தும்பறைச் சிறைச்சாலைக்கே மாற்றப்பட்டனர். கைத்தொழில் வலயமும் அங்குண்டு. அலுவலகம், சிறைச்சாலை, தொழிற்சாலை ஆகிய மூன்றும் மனிதர் மனிதர்மேல் அதிகாரம் செலுத்தும் இடங்கள். அதிகாரம் உள்ள இடத்தில் குறையும் பிறக்கும். அக்குறையை எங்கே சென்று உரைப்பது என்ற வினா இவ்வட்டாரத்தில் இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றது.

கண்டி மன்னர் காலத்தில் இவ்வினாவுக்கு விடை இருந்தது. ஊர்ச் சச்சரவுகளைக் கிராமத்துப் பெரியோர் கூடிய கன்சபா தீர்த்தது. அதற்கு மேல் திசாவை முதலிய பிரதானிகள் இருந்தனர். அவர்களே கொடுமை செய்தால் மன்னனிடம் செல்லலாம். ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியபின் அங்கு அரசப் பிரதிநிதியாயிருந்து, 1824ஆம் ஆண்டில் இறந்த சேர் ஜோன் டொய்லி என்பவர், கண்டி அரசின் அமைப்பைப் பற்றி எழுதிய குறிப்புகளில் இம்முறைகளை விவரித்துள்ளார். மன்னன் வெளியே எழுந்தருளும்போது வழியில் விழுந்து வணங்கி முறையிடலாம். தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்து தன் குறையை அரண்மனைக்கு எட்டச் செய்யலாம். அரண்மனைக்கு அருகிலுள்ள மரத்தில் ஏறி நின்று உரத்த குரலில் குறையைக் கூவவும் செய்யலாம்.

மரத்தில் ஏறிக் கூவுதல் இன்று நமக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆனால் அதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை, இடைத்தரகர் வேண்டியதில்லை. துணிவொன்றே வேண்டும். மன்னனின் மனம் எவ்வாறிருக்கும் என்பதை யாரும் அறியார். வாயில் அருகில் இருந்தது; உள்ளே கிடைப்பது நீதியா தண்டனையா என்பது மட்டும் உறுதியாயில்லை.

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. உடலைச் சிதைக்கும் தண்டனைகள் ஒழிக்கப்பட்டன. தேசாதிபதியின் ஆணையின்றி மரண தண்டனை நிறைவேற்றலாகாது என விதிக்கப்பட்டது. இவை நல்ல மாற்றங்களே. ஆயினும் முறையீட்டைக் கேட்கும் காதுகள் கொழும்புக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் சென்றுவிட்டன. 1848ஆம் ஆண்டில் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி விதிக்கப்பட்டபோது, சூலை 6ஆம் நாள் குடியானவர் பெருந்திரளாகக் கண்டிக் கச்சேரியின்முன் கூடினர். அவர்கள் வேண்டியது செவிசாய்ப்பு, கிடைத்தது அடக்குமுறை. கிளர்ச்சி மூண்டது. புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டான். பின்னரே பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு 1850ஆம் ஆண்டில் நாடு திரும்ப நேர்ந்தது. கச்சேரி வாயிலில் கேட்டிருக்க வேண்டிய குறையைக் கடல் கடந்து கேட்க ஈராண்டு பிடித்தது. அதற்குள் உயிர்கள் போயின.

அதே காலத்தில் மலைநாட்டில் புதியதொரு சமுதாயம் உருவாகி வந்தது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1824ஆம் ஆண்டளவில் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். அதன்பின் தோட்டங்கள் பெருகத் தென்னிந்தியத் தமிழர் ஆயிரமாயிரமாக வந்தனர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தோர் பலர் வழியிலேயே மடிந்தனர். எஞ்சியோர் தோட்டத்தில் இரு அதிகாரங்களின் கீழ் வாழ்ந்தனர். ஒருவர் வெள்ளைத் துரை. மற்றவர் பெரிய கங்காணி. குறை சொல்ல வேண்டுமாயின் குறைக்குக் காரணமானவரிடமே சொல்ல வேண்டிய நிலை.

இவர்களைக் கட்டிவைத்த கயிற்றுக்குத் துண்டு என்று பெயர். தொழிலாளி வரும்போதே வழிச்செலவும் முன்பணமும் கடனாக அவன் தலையில் ஏறிவிடும். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவன் தர வேண்டிய தொகையைக் குறித்து, அதனைச் செலுத்தினால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. சேரும் தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் அவனைப் பின்தொடரும். துண்டு இல்லாதவனை எத்தோட்டமும் ஏற்காது. சொல்லாமல் வேலையை விட்டுச் சென்றால் 1865ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அது குற்றம், சிறையும் உண்டு. ஒரு தொழிலாளி நீதிமன்ற வாயிலை மிதித்தானாயின், அது பெரும்பாலும் வழக்குத் தொடுப்பவனாக அன்று; குற்றம் சாட்டப்பட்டவனாகவே.

இந்நிலையை மாற்ற முதலிற் குரலெழுப்பியோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தலையாயவர். உயர்ந்த அரச பதவிகளை வகித்து 1913ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற அவர், 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவினார். கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ச்சிலும் பயின்ற பெரி சுந்தரம் அவருக்குத் துணை நின்றார். 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுச் செல்வதற்குச் சிறையிடும் விதிகளும் அக்காலத்திலேயே நீங்கின. பெரி சுந்தரம் 1931ஆம் ஆண்டில் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றுக்கு முதல் அமைச்சரானார்.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் வேறொரு வழியில் தொண்டாற்றினார். தோட்டங்களுள் வெளியார் நுழையத் தடையிருந்தபடியால், அவர் புடவை வியாபாரி வேடம் பூண்டு உட்புகுந்து தொழிலாளரைக் கண்டார் என்பர். தேசநேசன் என்னும் இதழையும் துண்டுப் பிரசுரங்களையும் வெளியிட்டு, தொழிலாளருக்கு எவ்வுரிமைகள் உண்டு என்பதை எளிய தமிழில் எடுத்துரைத்தார். அவர் துணைவி மீனாட்சியம்மை அச்செய்திகளையே பாட்டாகப் பாடினார். சட்டம் ஆங்கிலத்தில் இருந்த நாளில் அதனைத் தொழிலாளியின் வாய்மொழிக்குக் கொணர்ந்தமையே இவ்விருவரின் பெருஞ்சேவை. உரிமை உண்டென்பதை அறியாதவன் அதனைக் கேட்கவும் மாட்டான் அன்றோ!

இக்காலத்திலேயே கண்டி நகரில் ஒரு வாயில் திறந்தது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி, இலங்கையிலுள்ள இந்தியத் தொழிலாளரின் நலனைக் கவனிக்க இந்திய அரசாங்கம் ஓர் ஏஜெண்டை நியமித்தது. அவர் இருப்பிடம் கொழும்பில் அன்று, கண்டியிலேயே அமைந்தது. பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் வெளிவிவகாரச் செயலாளராய்ப் புகழ்பெற்ற கே. பி. எஸ். மேனன், 1929 முதல் 1933 வரை அப்பதவியில் இருந்தார். தோட்டங்களிலிருந்து வரும் குறைகளைக் கேட்டறிந்து, துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் எழுதுவது ஏஜெண்டின் பணி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபின், குறித்த கூலி கொடுபடவில்லை என்ற முறையீடுகளுக்கும் ஆதாரம் பிறந்தது.

ஏஜெண்டுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. கேட்கலாம், எழுதலாம், வற்புறுத்தலாம், அவ்வளவே. ஆயினும் அவ்வாயில் மலைநாட்டின் நடுவில் இருந்தது; அங்குச் சொல்லும் குறை எழுத்தில் ஏறியது; ஏறியதற்கு ஒரு பதில் வர வேண்டியிருந்தது. தன் துரைக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணமே தொழிலாளியின் முதுகெலும்பை நிமிர்த்தியது. கண்டியில் இன்றுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் அவ்வலுவலகத்தின் வழிவந்ததே.

சட்டம் எவ்வளவு செய்ய வல்லது என்பதையும், யாருக்குச் செய்தது என்பதையும் காட்டும் இரு நிகழ்ச்சிகள் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் மூன்றாண்டு இடைவெளியில் நடந்தன. மடுல்கெலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேடில், 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியிற் கூடிய கூட்டத்தில் தொழிலாளர் சார்பாகப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை 48 மணி நேரத்துள் நாட்டை விட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார். அவர் மறைந்து வாழ்ந்து, பின் பிடிபட்டபோது ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்யப்பட்டது. பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையில் உயர் நீதிமன்றம், நாட்டில் அவசரநிலை ஏதுமில்லாதபோது அவ்வதிகாரத்தைப் பயன்படுத்த முடியாதெனத் தீர்த்து, மே 18ஆம் நாள் அவரை விடுதலை செய்தது. தேசாதிபதியின் கட்டளையும் சட்டத்துக்கு உட்பட்டதே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

மற்றது 1940ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் நடந்தது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர்மேல் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தான். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். இவ்விவகாரத்தை ஒட்டிப் பொலிஸ் மா அதிபருக்கும் உள்நாட்டு அமைச்சருக்கும் இடையில் எழுந்த முரண்பாடு, அமைச்சர் குழு பதவி துறக்கும் அளவுக்கு வளர்ந்தது. பிரேஸ்கேடிலுக்கு உயிரோடிருக்கும்போதே நீதி கிட்டியது. கோவிந்தனின் வழக்கு அவன் மாண்டபின்னரே கேட்கப்பட்டது. சட்டம் ஒன்றாயினும், அதனை எட்டும் கயிறு இருவருக்கும் ஒரே நீளமாய் இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை வேறு வகையில் சிக்கலாயிற்று. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் பாதகம் விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாதெனக் கூறியது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின.

கேகாலை மாவட்டத்தின் ருவன்வெலைத் தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பவர், தம் பெயரை இடாப்பிற் சேர்க்கும்படி கோரினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவருடைய முறையீட்டைக் கேட்டு, அச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு மாறானவை எனக் கருதி, அவர் கோரிக்கையை ஏற்றார். மேலிடத்தில் முடிவு மாறியது. 1951ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1953ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தன் குடிகள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான உரிமை என்பது அதன் கருத்து. இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பாக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. எஞ்சியோரின் நாடற்ற நிலையை முற்றாக நீக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மொழியுரிமை வழக்கும் ஏறக்குறைய இவ்வழியே சென்றது. எழுதுவினைஞர் சேவையில் இருந்த செ. கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியிற் கடமையாற்றியவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை என்ற காரணத்தால், 1961ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றறிக்கையின்படி, 1962ஆம் ஆண்டில் அவருக்குரிய வேதன ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964ஆம் ஆண்டில் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். 1967ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குத் தொடர முடியாதெனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969ஆம் ஆண்டு திசம்பரில் கோமறைக் கழகம், வழக்குத் தொடர முடியும் என முடிவு செய்து, மொழிச் சட்டம் பற்றிய வினாவை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்குமுன் 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வந்தது; 29ஆம் பிரிவு மறைந்தது.

இவ்விரு வழக்குகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. மனிதரின் முறையீட்டை முதலிற் கேட்ட இடத்தில் ஆறுதல் கிட்டியது. வழக்கு மேலே ஏற ஏற, மனிதர் மறைந்து சட்ட நுணுக்கமே நின்றது. உயர்ந்த மன்றங்கள் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. ஒருவரின் குறையை உள்ளது உள்ளபடி காணும் வாய்ப்பு, அவர் வாழும் இடத்துக்கு அருகிலுள்ள விசாரணைக்கே மிகுதி என்பதே இதனாற் பெறப்படும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஒரு பெரும் படியாகும். அதன் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் முதலியன காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அதிகாரிகளின் செயலால் இவ்வுரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். ஆனால் அம்மன்றம் கொழும்பில் உள்ளது. மனுவும் ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும். தும்பறையில் வாழும் ஒருவருக்கு நடந்தது அநீதி என்று உணரவும், உணர்ந்ததை ஒருவரிடம் சொல்லவும், சொன்னவர் வழி காட்டவும், வழியறிந்தபின் சட்டத்தரணிக்குப் பணம் தேடவும் ஒரு மாதம் எம்மாத்திரம்? உரிமை ஏட்டில் இருக்க, நாட்காட்டி அதனைத் தின்றுவிடும்.

அரசியலார் இக்குறையை உணராமலில்லை. 1809ஆம் ஆண்டிலேயே சுவீடன் தேசம் அதிகாரிகள்மேல் வரும் முறைப்பாடுகளைக் கேட்க ஒரு பாராளுமன்ற அலுவலரை நியமித்தது. நியூசீலந்து 1962ஆம் ஆண்டில் அம்முறையை ஏற்றது. இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவியை உருவாக்கியது. எனினும் தொடக்கத்தில் குடிமகன் அவரிடம் நேரே செல்ல முடியவில்லை. பாராளுமன்ற வழியாகவே செல்ல வேண்டும். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே நேரே எழுதும் உரிமை கிட்டியது. மணி கட்டிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கயிறு நீட்டிய கதை இது.

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு இவ்வரிசையில் முக்கியமானது. அதன் பிராந்திய அலுவலகங்களுள் ஒன்று கண்டியில் இயங்குகின்றது. பல்லேகலவில் வாழ்வோருக்கு அது ஒரு பஸ் பயணத் தொலைவே. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், சட்டத்தரணி வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பாதிக்கப்பட்டவர் சார்பில் பிறரும் முறையிடலாம். என்ன நடந்தது, எந்த நாளில், எந்த அலுவலகத்தில், எந்த அதிகாரியால், அதற்குச் சான்று யாது என்பவற்றைத் தெளிவாகக் குறித்து, எழுதியதன் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு பலர் அறியாத ஒரு நன்மையைத் தருகின்றது. சம்பவம் நிகழ்ந்து ஒரு மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் உயர் நீதிமன்றத்துக்குரிய ஒரு மாதக் கணக்கிற் சேராது. ஆகவே கண்டியில் உரிய காலத்தில் கொடுக்கும் ஒரு கடிதம், கொழும்பின் கதவையும் திறந்து வைக்கின்றது. காலந்தாழ்த்தியவருக்கு இந்நன்மை இல்லை. முதலில் தேவதைக்கு நேர்ந்து, பின்னர் உறவினரைக் கேட்டு, அதன்பின் அரசியல்வாதியின் வீட்டு வாயிலில் காத்துக்கிடந்து, இறுதியாக ஆணைக்குழுவை நினைப்போர் பலர். அந்த வரிசையைத் தலைகீழாக்குதல் வேண்டும்.

குறையின் தன்மையை அறிந்து வாயிலைத் தேர்தலும் வேண்டும். அடிப்படை உரிமை வழக்கு அரச அதிகாரத்தின் செயலுக்கே பெரும்பாலும் பொருந்தும். தனியார் தொழிற்சாலை ஒருவரை நியாயமின்றி வேலைநீக்கினால், அவர் நாட வேண்டியது தொழிற் திணைக்களத்தையும் தொழில் நியாய சபையையும் ஆகும். சாதி காரணமாகக் கோயிலிலோ தேநீர்க் கடையிலோ ஒருவரைத் தடுத்தால், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அது தண்டனைக்குரிய குற்றம். மாகாண நிருவாகத்தின் தவறான முடிவுகளுக்கு எதிராக எழுத்தாணை கோரிக் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் இவ்வழியைத் தந்தது. வசதியற்றோருக்கு வழக்காட 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

மொழியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோடீஸ்வரன் காலத்தில் இல்லாதிருந்த பாதுகாப்பு இன்று சட்டத்தில் உள்ளது. 1987, 1988ஆம் ஆண்டுகளின் திருத்தங்களால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடைபெறும் பகுதியிலும் தமிழர் ஒருவர் அரசாங்க அதிகாரியோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ளவும், தமிழிற் பதில் பெறவும் உரித்துடையவர். பல்லேகல அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், அது சிறு அசௌகரியம் அன்று; அரசியலமைப்பின் மீறல். இதற்கென 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டுள்ளது. அதன் பரிந்துரை நிறைவேறாவிடின் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடவும் வழியுண்டு. இவ்வழியை நாடுவோர் இல்லாதவரை, தமிழ் தெரிந்த அலுவலரை நியமிக்கும் அவசியம் எவருக்கும் தோன்றாது.

நாடிச் செல்ல இயலாதாரும் உளர். தும்பறைச் சிறைச்சாலையில் இருப்பவர் பஸ் ஏறிக் கண்டிக்கு வர முடியாது. அவர்களிடம் ஆணைக்குழுவே செல்ல வேண்டும். தடுத்து வைக்கப்பட்டோரின் இடங்களைப் பார்வையிடும் அதிகாரத்தைச் சட்டம் அதற்கு அளித்துள்ளது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஒருவரைக் கைதுசெய்தால் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் 28ஆம் பிரிவு விதிக்கின்றது.

இத்துணை வாயில்கள் இருந்தும் போதாமற் போன நாட்களும் உண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பல்லேகலவுக்கு அடுத்துள்ள திகணையிலும் தெல்தெனியாவிலும் கண்டியின் வேறு பகுதிகளிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தெருச் சச்சரவொன்றில் அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, அதில் தொடர்பற்ற ஒரு சமூகம் முழுவதன்மேலும் பழி பாய்ந்தது. எரிந்த வீடொன்றினுள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மார்ச்சு 6ஆம் நாள் நாடெங்கும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழு இச்சம்பவங்களை விசாரணைக்கு எடுத்தது. தீ அணைந்தபின் வரும் விசாரணை தீயைத் தடுக்காது என்பது மெய்யே. ஆயினும் நடந்ததை எழுத்தில் நிறுத்தி, யார் கடமை தவறினர் எனக் கேட்பதே அடுத்த தீயைத் தடுக்கும் முதல் வழி.

ஆணைக்குழுவின் எல்லையையும் மறைத்தல் கூடாது. அது பரிந்துரைக்கலாம், சமரசம் செய்விக்கலாம், ஏற்காத அதிகாரியைப் பற்றி சனாதிபதிக்கு அறிக்கையிடலாம், அவ்வறிக்கை பாராளுமன்றத்தின்முன் வைக்கப்படும். நீதிமன்றத்தைப் போலக் கட்டளையிட அதனால் இயலாது. இவ்வகையில் அது கண்டியில் முன்பிருந்த ஏஜெண்டின் அலுவலகத்தை நினைவூட்டுகின்றது. ஆனால் ஏஜெண்டு அயல்நாட்டு அரசின் பிரதிநிதி. அவரிடம் சென்றவர் தம்மை இந்நாட்டில் விருந்தாளியாகவே உணர்ந்திருப்பார். ஆணைக்குழுவோ இந்நாட்டுச் சட்டத்தால் எழுந்தது. அங்குச் செல்பவர், இந்நாட்டுக் குடியாகத் தம் உரிமையைத் தம் நாட்டிடமே கேட்கின்றார். நூறாண்டில் நிகழ்ந்த மாற்றங்களுள் பெரியது இதுவே.

வாயில் திறந்திருப்பது அரசின் கடமை. அது திறந்திருக்கிறதென்று அறிந்துகொள்வதும், அறியாதவருக்குச் சொல்வதும், எழுதத் தெரியாதவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதும் அயலாரின் கடமை. தோட்டத்து ஆசிரியர், கிராமத்து நூலகர், தொழிற்சங்கத் தலைவர், கோயில் பரிபாலன சபையார் ஆகியோர் இவ்விரண்டு விடயங்களை மனத்திற் கொண்டால் போதும்: கண்டியில் ஓர் அலுவலகம் உண்டு; அங்குச் செல்ல ஒரு மாதமே தவணை. நடேசய்யர் புடவை மூட்டையோடு சுமந்து சென்ற செய்தியும் இத்தகையதே. அவர் வேடம் பூண்டு சொல்ல வேண்டியிருந்ததை இன்று எவரும் வெளிப்படையாகச் சொல்லலாம்.